குருவிக்கு ஒரு பிடி

இத்தாவில் இருக்கும் பெண் எந்த அந்நிய ஆணையும் பார்க்கக்கூடாது என்று சபூறாவுக்கு வந்தவர் போனவரெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். குருவிகளைப் பார்க்கலாமா கூடாதா என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதனால் அவள் குருவிகளைப் பார்த்தாள்.

வேறு என்னதான் செய்வாள்? புருஷன் முகைதீன்பாவா தை மாதத்தில் மௌத்தானதோடு அவளுடைய உலகம் ஒரு பின்னறையாகச் சுருங்கிவிட்டது. இத்தா முடிகிற நாலு மாதமும் பத்து நாளும் அவளுக்கு வெள்ளைச் சேலை, பாய், தஸ்பீஹ் மணி, கம்பி போட்ட ஒரு ஜன்னல் என்று விதித்தாயிற்று. அந்த ஜன்னல் இல்லாவிட்டால் அவளுக்கு விசர் பிடித்திருக்கும். வெளியே வளவில் ஒரு முருங்கையும் ஒரு பூவரசும் பப்பாளியும் வாழைகளும் கிணறும் இருந்தன. சுற்றிலும் ஆளுயரக் கிடுகு வேலி. வேலிக்கு அப்பால் வண்டி போகிற ஒழுங்கை, ஒழுங்கை இறங்கி முடிகிற இடத்தில் மீன்பிடிக்கிற ஏழைகளின் குடிசைகள், பிறகு கடல். கல்முனைக்குடியில் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் கடைசியில் கடலில்தான் போய் நிற்க வேண்டும்.

முருங்கைக் கிளையில் மூன்று சிரட்டைகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஒன்றில் தண்ணீர், மற்ற இரண்டிலும் அரிசி. சுபஹு தொழுது முடிப்பதற்குள் வளவு சந்தையாகிவிடும். அடைக்கலாங்குருவிகள் முதலில் வந்து சிரட்டையின் விளிம்பில் இடத்துக்குச் சண்டை பிடிக்கும். சிந்தியதைப் பொறுக்க மணிப்புறாச் சோடி ஒன்று கீழே இறங்கும். புலுனிகள் கூட்டமாக வரும், கூட்டமாகக் கத்தும், தின்று முடித்ததும் ஒன்றுகூட நிற்காது. அவற்றுக்கு அவள் மையத்து வீட்டுப் பொம்பளைகள் என்று பெயர் வைத்திருந்தாள். விடியுமுன் வேலியில் நின்று கூவுகிற கரிச்சான் குருவி, பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார். வாழைக்குள்ளிருந்து சிவந்த கண்ணோடு மெதுவாக நடந்து வந்து, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிற செண்பகத்துக்குப் பெயர் விதானையார். ஊர் அதிகாரியான உண்மையான விதானையாரும் அப்படித்தான் நடப்பார்.

அந்த அரிசி அவளிடம் வந்த விதம் சந்தோஷமானதல்ல. முகைதீன்பாவா நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்தான். கல்லோயா அணைத் தண்ணீர் வந்த பிறகு விளைச்சல் கூடியது, பூச்சியும் கூடியது. அந்தப் போகம் அறக்கொட்டிப் பூச்சி பயிரின் சாற்றையெல்லாம் குடித்துத் தீர்த்தது. ஊரில் பலர் அடிக்கிறார்கள் என்று அவனும் புதுப் பூச்சி மருந்துத் தகரம் ஒன்றை வாங்கிப்போய், வெறும் மேலோடு நின்று கையாலேயே கலக்கி வயல் முழுவதும் அடித்தான். பின்னேரம் வரம்பில் விழுந்து கிடந்தான். பாம்பு தீண்டியது என்றார்கள். காலில் பல் பட்ட அடையாளத்தை ஒருவரும் காணவில்லை. காணாததை ஒருவரும் பெரிதாக எடுக்கவுமில்லை. கதிர்காமத்தம்பியின் மாட்டுவண்டியில் மையத்தை ஏற்றி, வயல் வாடியில் கிடந்த அவனுடைய சாமான்களையும் சமைக்க வைத்திருந்த ஒரு சாக்கு அரிசியையும் பக்கத்தில் அடுக்கிக்கொண்டுவந்து வீட்டில் இறக்கினார்கள்.

முகைதீன்பாவாவின் மூத்த சகோதரி ஆயிஷா உம்மா அந்தச் சாக்கைக் கண்டதும் கையை உயர்த்தித் தடுத்தாள். இன்ன காரியத்தை இன்னபடி செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்த வீட்டில் அவள் வாயால்தான் வரும்.

"மையத்தோட வந்த அரிசிய வீட்டுல ஆக்கப்படாது சபூறா. அவன்ட பேருல ஸதகாவாக் குடு. வாயில்லாச் சீவனுக்குக் குடுத்தா நன்மை இன்னும் கூட."

மதினி சொன்ன எதையும் மனதார ஏற்றுப் பழக்கமில்லாத சபூறா, இதை மட்டும் உடனே ஏற்றுக்கொண்டாள். புருஷன் விட்டுப்போன கடைசி அரிசி. அதைக் குருவி தின்றால் அவனுக்கு நன்மை, அவளுக்குப் பொழுதுபோக்கு. சாக்கு பின்னறை மூலையில் நின்றது.

இத்தாப் பெண்ணைத் தனியே விடக்கூடாது என்று அதே வளவில் குடியிருந்த தங்கை நாச்சியா பகல் முழுக்கக் கூட இருந்தாள். அவளுடைய புருஷன் றஸாக் மருதமுனைத் தறிகளில் நெய்த சாரங்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்கப் போயிருந்தான். நாச்சியாவுக்கு ஆறு மாதம். சபூறாவுக்குப் பிள்ளையில்லை, இனிமேல் பிறக்கப் போவதுமில்லை. தங்கையின் வயிற்றில் இருப்பது தங்கள் இருவருக்குமான பிள்ளை என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவு செய்திருந்தார்கள். புருஷனை அடக்கிய துக்கத்திலும் சபூறா காலையில் பாயை விட்டு எழுந்தாள் என்றால் அந்தப் பிள்ளையால்தான்.

நாச்சியாவுக்குப் பச்சை அரிசி தின்கிற மசக்கை. சிரட்டையை நிரப்பப் போகிறவள் ஒரு பிடியைச் சிரட்டையில் போட்டுவிட்டு ஒரு பிடியை மடியில் கட்டிக்கொள்வாள்.

"குருவிக்கு ஒரு பிடி, எனக்கு ஒரு பிடி," என்று பாட்டு வேறு.

"அடியே, அது ஸதகா அரிசி. வாயில்லாச் சீவனுக்கு எண்டு நிய்யத்து வெச்சது."

"நானும் வாயில்லாச் சீவன்தானே ராத்தா."

"உனக்கா வாயில்ல? உன்ட வாயாலதான் றஸாக் ஊர் ஊராத் திரியிறான்."

இருவரும் ஜன்னலடியில் தோளோடு தோள் முட்ட இருந்து, நாச்சியா அரிசி மென்றபடி இருக்க, குருவிகளுக்கு ஏச்சும் பேச்சும் கொடுப்பார்கள். ஒருநாள் நாச்சியா சபூறாவின் முந்தானையை இழுத்துத் தலையை மூடிவிட்டாள்.

"என்ன கா செய்யிறாய்?"

"அந்தா, கழுத்துக் கறுத்த குருவி. அது ஆம்பிளைக் குருவி. உங்களத்தான் பாக்குது. இத்தா முறிஞ்சிரும் ராத்தா."

சபூறா சிரித்தாள். புருஷன் போன பிறகு முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தாள். சரியாக அந்த நேரம் ஆயிஷா உம்மா கஞ்சிக் கோப்பையோடு வாசலில் நின்றாள்.

"மையத்தின்ட மண் இன்னும் காயல்ல. இத்தாவுல இரிக்கிற பொம்பள சிரிக்கிறது ஒழுங்கைக்குக் கேக்குது," என்றாள். கோப்பையை வைத்துவிட்டு, சபூறாவின் முகத்தைப் பாராமல் போனாள்.

பங்குனி வெயில் ஏறியது. கிணற்றில் தண்ணீர் இறங்கியது. சாக்கில் அரிசி பாதிக்குக் கீழே போனது. அடியிலிருந்த அரிசி கொஞ்சம் மங்கலாக, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கட்டிபட்டிருந்தது. சபூறா அதைக் கையால் உதிர்த்துப் போட்டாள்.

"வெள்ளுள்ளி மணக்குது ராத்தா," என்றாள் நாச்சியா, அரிசியை மூக்கில் வைத்து. "உள்ளி தட்டிப் போட்ட மாதிரி. மேல இரிந்ததவிட இதுதான் ருசி."

மறுநாள் காலையில் கழுத்துக் கறுத்த குருவி ஒன்று முருங்கையடியில் மல்லாந்து கிடந்தது. காலிரண்டையும் மடக்கி வைத்திருந்தது. பூனை தொட்ட அடையாளம் இல்லை. சபூறா நாச்சியாவைக் கொண்டு அதைப் புதைப்பித்தாள். பிறகு இன்னும் இரண்டு விழுந்தன. மணிப்புறாச் சோடியில் ஒன்று போனது. மற்றது கிணற்றுக் கட்டில் இருந்து பகல் முழுக்க ஒரே சுருதியில் கூவியது. அந்தக் கூவலைக் கேட்கச் சபூறாவால் முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு யாஸீன் ஓதினாள்.

புலுனிக் கூட்டம் சிறுத்துக்கொண்டு வந்தது. ஒருநாள் அவற்றில் ஒன்று வேலியில் ஏற முயன்று முயன்று, சிறகு நடுங்கிக் கீழே விழுந்தது. கூட வந்தவை சுற்றி நின்று கத்தின. விதானையார் வாழைக்குள்ளிருந்து வந்து, விழுந்ததைக் கொத்தி இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு விதானையாரையும் காணவில்லை.

ஆயிஷா உம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அவன்ட றூஹு வந்து பாக்குது," என்றாள், குரலைத் தாழ்த்தி. "பொஞ்சாதி குருவி பாத்துச் சிரிச்சிக்கிட்டு இரிக்கிறாள். பொறுக்குமா? அவன்ட மனசு ஆறல்ல. ஸதகாவக் குறைச்சிராத. இன்னும் கூடப் போடு."

சபூறாவுக்குப் பயம் பிடித்தது. தான் சிரித்ததற்குத்தான் ஒவ்வொன்றாக விழுகின்றனவோ? அவள் சிரிப்பை நிறுத்தினாள், சிரட்டையைக் கும்பலாக நிரப்பினாள். பிறகும் ஜன்னலை விட்டு அசையவில்லை. முன்பு எது வரும் என்று பார்த்திருந்தவள் இப்போது எது விழும் என்று பார்த்திருந்தாள்.

நாச்சியாவுக்கும் உடம்பு சரியில்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. துப்பித் துப்பி அலுத்தாள். வயிறு முறுக்கியது, வியர்த்து ஊற்றியது. ஊசியில் நூல் கோர்க்கப் போய், "கண்ணுக்குள்ள இருட்டுது ராத்தா," என்று ஊசியை வைத்துவிட்டாள்.

"ஆறு மாசத்துல மசக்கை திரும்பியும் வருமா மதினி?" என்று சபூறா கேட்டாள்.

"சிலபேருக்குப் புள்ள பொறக்கிற வரைக்கும் இரிக்கும்," என்று ஆயிஷா உம்மா ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். நல்ல மனுசிதான். தன் கையாலேயே நாச்சியாவின் காலைப் பிடித்துவிட்டாள். "அரிசி திங்க ஆசையெண்டா தின்னட்டும். வயித்துப்புள்ளட ஆசையத் தடுக்கப்படாது."

ஒரு வியாழக்கிழமை, உச்சிநேர லுஹர் தொழுது முடித்துச் சபூறா ஜன்னலுக்கு வந்தாள். வளவு வெறிச்சென்று கிடந்தது. ஆனால் முழுவதும் வெறிச்சென்று இல்லை. முருங்கைப் பூவில் தேன்சிட்டு ஒன்று தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்தது. அதற்கு ஒன்றுமில்லை. பப்பாளிப் பழத்தைக் குடைந்துகொண்டிருந்த கொண்டைக்குருவிக்கும் ஒன்றுமில்லை. மோதினார் வேலியடியில் புழு தேடிக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் இவை ஒன்றும் விழவில்லையே என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. றூஹுக்குக் கோபம் என்றால் அரிசி தின்கிறவற்றோடு மட்டும் என்ன கோபம்?

தனித்துப் போன மணிப்புறா கிணற்றுக் கட்டிலிருந்து இறங்கியது. சிந்திய அரிசியை நாலு கொத்துக் கொத்தியது. சற்று நேரம் நின்றது. பிறகு கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தது. அலகிலிருந்து நூல் போலத் தண்ணீர் வடிந்தது. சிறகு தெறித்துத் தெறித்து நடுங்கியது.

சபூறா கம்பியைப் பிடித்தாள். அந்த நடுக்கம் அவளுக்குத் தெரிந்த நடுக்கம். கோழி துடிக்கிற மாதிரித் துடித்துத்தான் முகைதீன்பாவா அடங்கினான் என்று வயலில் கூட நின்றவர்கள் சொன்னார்கள். மையத்தை இறக்கியபோது அவனுடைய தாடி முழுக்க எச்சில் நனைந்து ஒட்டிக் கிடந்தது. அவள்தான் துடைத்தாள். வாயில் உள்ளி மணம் அடித்தது. அவன் உள்ளி தின்கிற ஆளே இல்லை. அன்றைக்கிருந்த அழுகையில் அது அவள் மூக்குக்குத்தான் தெரிந்தது, மனதுக்குத் தெரியவில்லை.

அவள் மூலைக்கு ஓடிச் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டாள். அடி அரிசியை அள்ளி முகர்ந்தாள். புருஷனின் வாய் மணந்தது.

ஒழுங்கையில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. விறகு ஏற்றிக்கொண்டு கதிர்காமத்தம்பி அந்த வழியாகத்தான் தினமும் போவான். அந்நிய ஆணுக்குக் குரல் கேட்கக்கூடாது என்பதை அவள் மறக்கவில்லை. நினைவு இருக்கும்போதே ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக் கத்தினாள்.

"கதிர்காமத்தம்பி அண்ணன்! வண்டிய நிப்பாட்டுங்க!"

மணிச் சத்தம் நின்றது.

"ஆரு, பாவாட வீட்டுக்காரியா? புள்ள, நீங்க இப்ப கதைக்கப்படாதே."

"அண்டைக்கு அரிசிச் சாக்கோட வண்டியில வேற என்ன கிடந்த?"

"வாடியில இருந்த எல்லாந்தான். மண்வெட்டி, சட்டி பானை, அந்த மருந்துத் தகரம்."

"தகரம் ஒழுகினதா?"

"ஓம் புள்ள. மூடியில்ல, சீலைதான் அடைச்சிருந்தது. சாக்குக்குக் கீழ சரிஞ்சு கிடந்தது. வீட்ட போய்ப் பாத்தா வண்டிப் பலகை நனைஞ்சிருந்தது." அவன் குரல் இறங்கியது. "என்ட வெள்ளை மாடு அந்தப் பலகைய நக்கிப்போட்டு அப்பிடியே விழுந்து செத்துப்போச்சு. மையத்து ஏத்தின குற்றம் எண்டு நான் கோயில்ல கழிப்புக் கழிச்சன். ஏன் புள்ள கேக்கிறீங்க?"

சபூறா "நாச்சியா!" என்று கூப்பிட்டாள். மடியில் அரிசியைக் கட்டிக்கொண்டு தண்ணீர் அள்ளப் போனவள் இன்னும் திரும்பவில்லை.

சபூறா பின்னறையை விட்டு வளவுக்கு ஓடினாள். கிணற்றுக் கட்டின் மறுபக்கம் நாச்சியா கிடந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கம். கடைவாயில் நுரை. விரல்கள் தெறித்தன. மடி அவிழ்ந்து அரிசி சிந்தியிருந்தது. சபூறா அவள் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். மென்றும் மெல்லாததுமாக அரிசி வந்தது. சிந்திக் கிடந்ததில் ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு, வேலிப் படலையை உதைத்துத் திறந்தாள்.

கதிர்காமத்தம்பி விறகை ஒழுங்கையிலேயே தள்ளிக் கொட்டினான். இருவருமாக நாச்சியாவைத் தூக்கி வண்டியில் போட்டார்கள். வெள்ளைச் சேலையில், முக்காடு தோளில் விழுந்து கிடக்க, தங்கையின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, கல்முனைக் கடைத்தெரு நடுவே பட்டப்பகலில் சபூறா போனாள். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் முதலில் கண்ணைத் தாழ்த்தினார்கள், பிறகு நிமிர்ந்து பார்த்தார்கள். ஊரில் எத்தனை ஆண்கள் உண்டோ அத்தனை பேரும் அவளைப் பார்த்திருப்பார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது நாச்சியாவின் வயிற்றை. அது அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முந்தானை முடிச்சிலிருந்த அரிசியை முகர்ந்ததுமே தாதியைக் கூப்பிட்டார். குழாய் விட்டுக் கழுவினார்கள், ஊசி மேல் ஊசி போட்டார்கள். அஸர் கழிந்து வெயில் சாய்ந்த பிறகு நாச்சியா கண்ணைத் திறந்து, "ராத்தா, நீங்க வெளிய வந்திட்டீங்க," என்றாள். சபூறா அவளுடைய வயிற்றில் கையை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். உள்ளே ஏதோ ஒன்று மெல்லப் புரண்டு அவளுடைய உள்ளங்கையை முட்டியது. சபூறா அங்கேயே சீமெந்துத் தரையில் இருந்து அழுதாள்.

"மிச்ச அரிசி எங்க?" என்று டொக்டர் கேட்டார். "அத ஒருத்தரும் தொடப்படாது. கழுவி ஆக்கினாலும் போகாது. ஆழமாக் குழி வெட்டிப் புதைக்கச் சொல்லுங்க."

கேள்விப்பட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுச் சுல்பிகாவை நாச்சியாவிடம் இருத்திவிட்டு, சபூறா அதே வண்டியில் திரும்பினாள். இனி ஊர் என்ன கதைத்தாலும் கதைக்கட்டும் என்று அவளுக்கு மனம் லேசாக இருந்தது. சாக்கைப் பூவரசடியில் புதைக்கக் கதிர்காமத்தம்பி மண்வெட்டி பிடிப்பதாகச் சொன்னான்.

வீட்டு வாசல் படியில் ஆயிஷா உம்மா தஸ்பீஹ் மணியோடு இருந்தாள். அவளைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தாள். இத்தா முறிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"புள்ளைக்கு எப்பிடி?"

"பொழச்சிட்டாள் மதினி. வயித்துப் புள்ளையும்."

"அல்ஹம்துலில்லாஹ்!" ஆயிஷா உம்மா இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டு விம்மினாள். "எனக்குத் தெரியும் பொழைப்பாள் எண்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதெண்டு கேட்டதும் உடனே செய்துபோட்டன்."

"என்ன செய்த?"

"அந்த ஸதகாவக் குருவிக்குக் கொட்டி என்ன பிரயோசனம் எண்டு யோசிச்சன். அதுகள் செத்துச் செத்து விழுகுதுகள். மனிசருக்குக் குடுத்தாத்தான் ஏத்துக்கொள்ளப்படும் எண்டு, சாக்கத் தூக்குவிச்சு, கடற்கரைக் குடிசையளுக்கு ஆளுக்கொரு கொத்து அளந்து குடுத்திட்டன். ஒரு மணி மிச்சமில்ல. கடலுக்குப் போகாம காஞ்சு கிடந்த சனம். கைநீட்டி வாங்கி, உன்ட தங்கச்சிக்குத் துஆக் கேட்டாங்க. பாத்தியா, அந்தத் துஆதான்."

சபூறா அவளைத் தள்ளிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். மூலை காலியாக இருந்தது. கூட்டிப் பெருக்கி, தண்ணீர்கூடத் தெளித்திருந்தார்கள்.

அந்தியில் மஃரிபுப் பாங்கு கேட்டது. ஜன்னலுக்கு வெளியே, வேலிக்கு மேலாக, ஒழுங்கையின் அந்தக் கோடியில் கூரைக்குக் கூரை புகை எழும்பிக்கொண்டிருந்தது. சில கூரைகளில் புகை அடங்கியும் இருந்தது.

அவள் ஓடினாள். கொட்டிக் கிடந்த விறகில் கால் தடுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். "அடுப்ப அணைங்க! தின்னாதீங்க!" என்று கத்தினாள். கதவுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. இத்தாவை முறித்துக்கொண்டு தலைவிரிகோலமாக ஓடுகிற விதவையைக் கண்ட ஒருத்தி, பிள்ளையை உள்ளே இழுத்துத் தட்டியைச் சாத்திக்கொண்டாள்.

முதல் குடிசைக்குள் அவள் குனிந்து நுழைந்தாள். அடுப்பு அணைந்து கிடந்தது. உள்ளி மணந்தது. பிள்ளைகள் வெறும் கோப்பைகளை வழித்துக்கொண்டிருந்தார்கள்.